சண்டை போடாமல் இருப்பதும் ஒரு வேலைதான்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், சோலோ நகரத்துப் பக்கத்து நூற்பாலைகளுக்கு வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் முதல் மாதத்திலேயே ஒரு தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "ஜாவாக்காரன் சாது. திட்டினாலும் சிரிப்பான்." கொஞ்ச நாள் கழித்து அடுத்த தீர்ப்பு வரும்: "சரி சரிங்கிறான், ஒண்ணும் செய்ய மாட்டேங்கிறான்." என் கணவரும் அவருடைய நண்பர்களும் எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே இதைப் பல தடவை பேசித் தீர்த்திருக்கிறார்கள். நான் குறுக்கே விழுவதில்லை. அவர்கள் ஜாவாவை ஆலைக்குள்ளிருந்து பார்க்கிறார்கள். நான் கிளாத்தென் மாவட்டத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கிராமத்துப் பெண்களோடு பொழுதைக் கழிக்கிறேன். அங்கே எனக்குச் சாதுவான மனிதர்கள் யாரும் கண்ணில் படவில்லை. கோபம், பொறாமை, வாய்க்கால் தகராறு, மருமகள் புராணம் எல்லாம் நம் ஊர் அளவுக்கு இருக்கின்றன. அதையெல்லாம் மூடி வைக்க இவர்கள் படும் பாடுதான் அதிகம்.

இப்படிப் பாடுபடுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ருக்குன். குடும்பமோ தெருவோ ஊரோ, உள்ளே இருப்பவர்கள் முட்டிக்கொள்ளாமல் ஒத்து நடப்பது. ஜெர்மனியில் பிறந்து, 1961இல் ஜாவாவுக்கு வந்து, பின்னால் இந்தோனேசியக் குடியுரிமையும் வாங்கிக்கொண்ட ஏசு சபைத் துறவி பிரான்ஸ் மக்னிஸ் சுசேனோ, ஜாவா அறத்தை அலசும்போது இரண்டு விதிகளை முன்னால் வைப்பார். மோதல் வெடிக்கும்படி எதையும் செய்யாதே என்பது ஒன்று, அதுதான் ருக்குன். பேச்சிலும் நடத்தையிலும் எதிரே இருப்பவரின் இடத்துக்குரிய மரியாதையைக் கொடு என்பது மற்றது, அது ஹொர்மாத். மனசு சுத்தமாக இருக்கிறதா என்று ருக்குன் கேட்பதில்லை என்று அவர் சொல்வதுதான் இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம். பக்கத்து வீட்டுக்காரரை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிடிக்கவில்லை என்பது தெருவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

சமையற்கட்டிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான்.

ஜாவா கிராமத்தில் எதற்கெடுத்தாலும் ஸ்லாமெத்தான் என்கிற சிறு விருந்து உண்டு. பெண்ணுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, குழந்தை பிறந்த ஐந்தாம் நாள், முப்பத்தைந்தாம் நாள், சுன்னத்து, கல்யாணம், புது வீடு, அறுவடை. ஒருவர் இறந்துவிட்டால் 3, 7, 40, 100 ஆகிய நாட்களில், பிறகு ஓராண்டில், ஈராண்டில், கடைசியாக 1000ஆவது நாளில். 1950களின் தொடக்கத்தில் கிழக்கு ஜாவாவின் பாரே என்ற ஊரில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், ஜாவா சமயத்தின் நடு மையத்தில் இந்தச் சிறு விருந்தைத்தான் வைத்தார். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. மக்ரிப் தொழுகை முடிந்ததும் சுற்றியிருக்கும் வீட்டு ஆண்கள் வந்து பாயில் சம்மணமிட்டு உட்காருவார்கள். வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒரு பெரியவரோ உயர்நடை ஜாவா மொழியில் இன்ன காரியத்துக்காக இதை வைத்திருக்கிறோம் என்று சொல்வார். நபிமார்கள், முன்னோர், ஊரைக் காக்கும் தன்யாங் என்கிற காவல் ஆவி என்று எல்லோரையும் ஒரே மூச்சில் நினைவுகூர்வதும் உண்டு. ஊரின் மதப் பணியாளரான மோதின் அரபியில் துஆ ஓதுவார். எல்லோரும் ஆமீன் சொல்லி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். முதல் தடவை கூப்பிட்டபோது என் கணவர் போன வேகத்தில் திரும்பி வந்து, "அவ்வளவுதானா?" என்றார்.

அந்த அரை மணிக்காகப் பின்கட்டில் முந்தின நாளிலிருந்தே வேலை நடக்கும். பெண்கள் போய் ஒத்தாசை செய்வதற்கு ரெவாங் என்று பெயர். யாருக்கு எந்த வேலை என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சோறு வேகவைப்பது அனுபவமுள்ள மூத்த பெண்ணின் பொறுப்பு. மூங்கிலால் பின்னிய கூம்புக் கூடையில் அரிசி ஆவியில் வேகும், அதன் நுனியில்தான் தும்பெங் என்கிற சோற்றுக் கோபுரத்தின் உருவம் பிறக்கிறது. அரிசி, எண்ணெய், சர்க்கரை இருக்கும் அறையில் ஒரு பாட்டி காவல். அவர் கையால் அளந்து கொடுத்தால்தான் உண்டு, வீட்டுக்காரியே கேட்டாலும் சரி. நடுவயதுக்காரிகள் குழம்பு தாளிப்பார்கள், வெந்த கீரையில் துருவிய தேங்காயும் மிளகாயும் பிசைவார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்களுக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. எனக்குக் கிடைத்தது வெங்காயம் உரிப்பது. வெளிநாட்டுக்காரி என்பதால் பாத்திரத்திலிருந்து ஒரு படி ஏற்றம்.

எங்கள் தெருவில் இரண்டு வீடுகளுக்கு மனஸ்தாபம். புதிதாகப் போட்ட கூரையிலிருந்து மழைத்தண்ணீர் அடுத்த வீட்டு முற்றத்தில் கொட்டியது. யாரும் குரலை உயர்த்தவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது. ஒருத்தி காய்கறி வண்டியருகே நின்றால் மற்றவள் உள்ளே போய்விடுவாள். தெருவே அதற்குத் தோதாகத் தன் நடமாட்டத்தை மாற்றிக்கொண்டது. இருவரையும் ஒரே பாயில் உட்கார வைக்கும்படி யாரும் எதையும் செய்யவில்லை. மாதங்கள் போயின. பிறகு மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டியின் நூறாம் நாள் வந்தது. இரண்டு பேரும் ரெவாங்குக்கு வந்தாக வேண்டும், வராமலிருந்தால் சண்டை என்று ஊருக்கே அறிவித்த மாதிரி. சாமான் அறைப் பாட்டி ஒருத்தியைத் தேங்காய் துருவச் சொன்னார், மற்றவளைப் பால் பிழியச் சொன்னார். துருவுகிறவள் கொடுக்காமல் பிழிகிறவளுக்கு வேலை ஓடாது. வெகுநேரம் கிண்ணம் மட்டும் கைமாறியது. அப்புறம் ஒருத்தி, "தேங்காய் ரொம்ப முத்தல்" என்றாள். "ஆமாம், பால் கம்மியா வருது" என்றாள் மற்றவள். அறை முழுக்கக் காது அங்கேதான் இருந்தது. ஒருவர்கூடத் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த வாரமே அந்தக் கூரை ஓரத்தில் தகரப் பீலி ஒன்று முளைத்தது. மழைத்தண்ணீரைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

இந்தப் பின்கட்டும் மாறிக்கொண்டுதான் வருகிறது. விருந்து முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போகும் பெர்காத் முன்பு மூங்கில் பெட்டியில் வரும்: சோறு, கோழித் துண்டு, கீரை, சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பே. இப்போது பல வீடுகளில் பிளாஸ்டிக் வாளியில் பச்சரிசி, முட்டை, சர்க்கரை, உடனடி நூடுல்ஸ் பாக்கெட் என்று சமைக்காத சாமானாகவே கொடுத்துவிடுகிறார்கள். ஆவிகளுக்கு வைக்கும் படையல் குறைந்திருக்கிறது. 1912இல் பக்கத்து யோக்யகார்த்தாவில் தொடங்கிய முகம்மதியா இயக்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு இறந்தவர் பேரில் விருந்து வைப்பதே உவப்பானதல்ல. ஆனால் அப்படிப்பட்ட வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ஆயிரமாவது நாளுக்கு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்து வாளியை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். கொள்கை வேறு, தெரு வேறு.

விருந்துக்கு வெறுங்கையோடு போக முடியாது. ஆண்கள் உறையில் பணம் வைப்பார்கள். பெண்கள் அரிசி, சர்க்கரை, டீத்தூள் கொண்டுபோவார்கள், திரும்பும்போது பலகாரத்தோடு வருவார்கள். இதற்கு ஞும்பாங் என்று பெயர். வீட்டில் ஒரு நோட்டு இருக்கும், யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதி. மதுரைப் பக்கத்து மொய் நோட்டைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வட்டி கிடையாது, மறதியும் கிடையாது. ஜாவா ஆண்டின் கடைசி மாதமான பெசாரில் கல்யாணங்கள் குவியும். தினக்கூலிக்கு வயலில் இறங்குகிற பெண்கள் அந்த மாதத்தில் கடன் வாங்கி உறை வைப்பார்கள். அடுத்த மாதமான சூரோவில் கல்யாணமே இருக்காது, அப்போதுதான் மூச்சு விடலாம். சில ஊர்களில் விசேஷத்துக்கு முன்பே சோற்றுப் பொட்டலம் ஒன்று வீடு தேடி வரும். அதை வாங்கிவிட்டால் போயே ஆக வேண்டும். இதைக் கிண்டலாகத் தொஞ்சொக்கான் என்பார்கள், குத்து என்று அர்த்தம். "நேத்து ரெண்டு குத்து வாங்கினேன்" என்று ஒருத்தி சொன்னபோது நான் பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஜாவா கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 'பகிர்ந்துண்ணும் சமத்துவச் சமூகம்' என்று உருகுவதைப் படிக்கும்போது எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வரும். கொடுப்பதில் பிரியம் இல்லை என்று சொல்லவில்லை, நிறைய இருக்கிறது. ஆனால் பிரியத்தை நம்பி மட்டும் யாரும் ஊர் நடத்துவதில்லை.

அடுத்தது நாள் கணக்கு. இங்கே நமக்குத் தெரிந்த ஏழு நாள் வாரத்தோடு கூட ஐந்து நாள் சந்தை வாரமும் ஓடுகிறது: லெகி, பஹிங், பொன், வாகே, க்ளிவோன். இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று முடிய 35 நாள். மாதாந்தரக் கூட்டங்கள்கூட இந்த 35 நாள் கணக்கில்தான் நடக்கும். மத்தாராம் அரசர் சுல்தான் அகுங் 1633இல் பழைய சக ஆண்டின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மாதங்களை இஸ்லாமியச் சந்திரக் கணக்குக்கு மாற்றினார். சக ஆண்டு 1555 ஜாவா ஆண்டு 1555ஆகத் தொடர்ந்தது. ஒரு பழக்கத்தையும் முழுசாகத் தூக்கி எறியாமல் புதியதை அதன் மேலேயே உட்கார வைக்கும் இந்த ஊரின் சாமர்த்தியத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பிறந்த கிழமையும் சந்தை நாளும் சேர்ந்தது ஒருவருடைய வெத்தோன். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வெள்ளிக்கு 6, க்ளிவோனுக்கு 8, ஆக வெள்ளி க்ளிவோனில் பிறந்தவருக்கு 14. பெண்ணின் எண்ணையும் மாப்பிள்ளையின் எண்ணையும் கூட்டிப் பார்த்துப் பொருத்தம் சொல்வார்கள். படித்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆனாலும் கணக்குப் பார்க்காமல் பத்திரிகை அடிப்பதில்லை. எனக்கு இதில் வேறொரு உபயோகம் தெரிந்தது. ஒரு சம்பந்தம் பிடிக்கவில்லை. பையனுக்கு வேலை சரியில்லை, குடும்பம் சரியில்லை என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? "வெத்தோன் சேரலையாம், என்ன செய்ய" என்று சொன்னால் போதும். யாருக்கும் அவமானமில்லை, எண்ணின் மேல் பழி. நாளைக்கு அதே இரண்டு குடும்பமும் ஒரே பின்கட்டில் தேங்காய் துருவலாம்.

மொழியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஜாவா மொழியில் ஆளுக்கேற்ற அடுக்குகள் இருக்கின்றன. நண்பனோடும் சின்னவர்களோடும் பேசுவது ஙோக்கோ, மரியாதைக்கு க்ரோமோ, அதற்கும் மேலே பெரியவர்களின் செயலைக் குறிக்கத் தனிச் சொற்கள். சாப்பிடுவதற்கு நான் கேட்ட சொற்களே மூன்று: மாங்ஙான், நெடோ, தஹார். பூனை செய்வது முதலாவது, பாட்டி செய்வது மூன்றாவது. குழந்தைகள் இதை மாற்றிச் சொன்னால் அடிப்பதில்லை, சிரித்துக்கொண்டே "துருங் ஜோவோ" என்பார்கள். இன்னும் ஜாவா ஆகவில்லை என்று பொருள். பிறந்தால் மட்டும் ஜாவாக்காரராகிவிட முடியாது, பழகி ஆக வேண்டும் என்பது இவர்கள் எண்ணம். கீர்ட்ஸின் அப்போதைய மனைவி ஹில்ட்ரெட் கீர்ட்ஸும் பாரேயில் குடும்பங்களை ஆராய்ந்தவர்தான். குழந்தைக்கு முதலில் பயம், பிறகு வெட்கம், அதற்கப்புறம் சுங்கான் என்கிற மரியாதைக் கூச்சம், இந்த வரிசையில் ஊட்டுகிறார்கள் என்று அவர் எழுதினார். எங்கள் எதிர்வீட்டில் மூன்று வயசுப் பொடிசு ஒன்றுக்கு இப்போது இரண்டாம் பாடம் நடக்கிறது. என்னைக் கண்டதும் பாட்டியின் புடவைக்கடியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். பாட்டிக்கு ஏகப்பட்ட பெருமை.

க்ரோமோவில் கத்தித் திட்டுவது நடக்காத காரியம். வாக்கியம் அவ்வளவு மெதுவாகத்தான் நகரும், கோபம் ஆறிவிடும். அதே மாதிரி முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வதும் கஷ்டம். 'ங்கி' என்கிறார்கள், ஆமாம் என்று. ஆலையில் நம்மவர்கள் கேட்கிற 'சரி' இந்த ங்கிதான். 'உங்கள் பேச்சு காதில் விழுந்தது, உங்களை மதிக்கிறேன்' என்பதற்கு மேல் அதில் வாக்குறுதி எதுவும் இல்லை. இவர்களுக்கே இது தெரியும். ங்கி ங்கி என்று சொல்லிவிட்டு ஆளையே காணோம் என்று தங்களைத் தாங்களே கேலி செய்யும் சொலவடையும் வைத்திருக்கிறார்கள்.

இந்த உழைப்புக்கெல்லாம் பலன் என்ன என்று கேட்டால் ஊர்க்காரர்கள் 2006ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு மே 27 விடிகாலை, ஆறு மணிக்குச் சற்று முன்பு பாந்துல் பக்கம் பூமி குலுங்கியது. 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள், கிளாத்தெனில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். வீடுகள் லட்சக்கணக்கில் சரிந்தன. அன்றைக்கே தெரு தெருவாக ஆட்கள் சேர்ந்து ஒரு வீட்டு இடிபாட்டை அள்ளி முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். சம்பாத்தான் என்பது இதற்குப் பழைய பெயர்: வீடு கட்டக் கூலி வாங்காமல் வருவது, சாப்பாடு மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. பிறகு வந்த அரசு உதவியும் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்த குழுக்கள் வழியாகவே பிரிந்தது. முதல் வீடு யாருக்கு என்பதைக் குழுவே உட்கார்ந்து பேசிக்கொண்டது. அவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகு அவ்வளவு வேகமாக ஊர்கள் எழுந்து நின்றதை நிவாரணத் துறையில் இருப்பவர்கள் இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள்.

அதே துறைக்காரர்கள் தலையில் கையை வைத்துக்கொண்ட விஷயமும் உண்டு. முழுக்க இடிந்த வீட்டுக்கென்று வந்த உதவியைப் பல ஊர்களில் எல்லோருக்கும் சமமாகப் பிரித்தார்கள், சுவரில் கீறல் விட்ட வீட்டுக்கும் பங்கு. பாகி ராத்தா என்பது இதற்கு அவர்கள் சொல்லும் பெயர். இருப்பவனுக்கும் இழந்தவனுக்கும் ஒரே பங்கா, இது என்ன நியாயம் என்று நான் எங்கள் தெருவில் கேட்டேன். பதில் சுருக்கமாக வந்தது: "வீடு ஒரு வருஷத்துல கட்டிடலாம்மா. பொறாமை வந்துட்டா அதை எத்தனை வருஷம் இடிக்கிறது?" எனக்கு முழுச் சம்மதமில்லை. கூரையே போனவருக்கு ஓட்டுக்கான காசு குறைந்ததும் உண்மைதானே. ஆனால் பூகம்பம் முடிந்த பிறகும் அதே ஆட்களோடு வாழப் போகிறவர்கள் அவர்கள், நான் இல்லை.

இனி, ஊரில் பேசாத விஷயம். கிளாத்தென் 1960களில் கம்யூனிஸ்ட் கட்சி வலுவாக இருந்த இடம். 1964இல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை அமல்படுத்தக் கோரி விவசாயிகள் தாங்களே நிலத்தில் இறங்கிய போராட்டங்கள் இங்கே சூடாக நடந்தன. 1965 அக்டோபருக்குப் பிறகு இராணுவத்தின் தூண்டுதலில் இந்தோனேசியா முழுக்கப் படுகொலைகள் நடந்தன. ஐந்து லட்சம் பேராவது இறந்திருப்பார்கள் என்பது பரவலான மதிப்பீடு. மத்திய ஜாவா, கிழக்கு ஜாவா, பாலி ஆகியவற்றில்தான் அது மிகக் கொடூரம். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே கிராமத்தவர்கள், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ருக்குன் அன்று யாரையும் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகு அது திரும்பி வந்ததுதான் எனக்கு இன்னும் கனமான விஷயம். இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசு வேலை கிடையாது என்ற நிலை பல வருடம் இருந்தது. ஊரோ எதுவும் நடக்காத மாதிரி ரெவாங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. கூரைத் தண்ணீரைப் பேசாமல் தீர்த்ததை மேலே ரசித்து எழுதினேன். அதே பேசாமைதான் இதுவும். மோதலைப் பேச வழியே வைத்துக்கொள்ளாத ஊரில், மோதல் ஒருநாள் வரும்போது பேச்சாக வருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசுகளுக்கு இந்தக் குணம் எப்போதும் வசதியாக இருந்திருக்கிறது. 1945 ஜூன் 1 அன்று, பின்னால் நாட்டின் முதல் ஜனாதிபதியான சுகர்ணோ நாட்டுக்கான ஐந்து கொள்கைகளை முன்வைத்துப் பேசியபோது, ஐந்தையும் பிழிந்தால் கிடைப்பது கோதோங் ரோயோங், அதாவது கூட்டாகத் தோள் கொடுப்பது என்றார். அவருக்குப் பின் வந்த சுகார்த்தோ ஆட்சியில் அதே பெயரைச் சொல்லிச் சாலைக்கும் வாய்க்காலுக்கும் கூலியில்லாமல் ஆள் பிடித்தார்கள். இன்று ஊரின் கடைசி நிர்வாக அலகான எர்த்தே, ஜப்பானியர் ஆண்ட காலத்தில் கண்காணிப்புக்காகவும் ஆள் திரட்டவும் உண்டாக்கிய அக்கம்பக்கத்துக் குழுவின் வாரிசு. அதன் முழுப் பெயர் ருக்குன் தெத்தாங்கா. அண்டை வீட்டு ஒற்றுமை!

ஆனால் எல்லா ஜாவா கிராமமும் ங்கி சொல்லிக்கொண்டு இருக்கவில்லை. வடக்கே புளோராவின் தேக்குக் காடுகளில் 1890களில் சாமின் சுரோசென்திகோ என்ற விவசாயி சொன்னதைக் கேட்டுப் பலர் டச்சுக்காரர்களுக்கு வரி கட்ட மறுத்தார்கள். நிலம், தண்ணீர், மரம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்றார்கள். ஆயுதம் எடுக்கவில்லை, கூட்டம் போட்டுக் கத்தவும் இல்லை. அதிகாரியிடமும் ஙோக்கோவிலேயே பேசினார்கள், அதுவும் கேட்ட கேள்விக்கு எழுத்துக்கு எழுத்துப் பதில். "எங்கிருந்து வர்றே?" "பின்னாலிருந்து." "எங்கே போறே?" "முன்னால." பொய்யும் இல்லை, பணிவும் இல்லை. நிலம் அளக்க வந்தவர்கள் முன்னால் தரையில் படுத்துக்கொண்டு "என்னுது" என்றார்கள். 1907இல் சாமினைப் பிடித்துச் சுமத்ராவுக்கு நாடுகடத்தினார்கள். 1914இல் பாடாங்கில் இறந்தார். செடுலுர் சிக்கெப் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அவர் வழியினர் பாத்தி, புளோரா மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். பொறாமைப்படாதே, களவு செய்யாதே, வியாபாரம் செய்து லாபம் பார்க்காதே, சண்டை போடாதே என்பதுதான் அவர்கள் பாடமும்.

2016 ஏப்ரலில் அதே வடக்குப் பக்கத்துக் கெந்தெங் மலையடிவாரத்து விவசாயப் பெண்கள் ஒன்பது பேர், தங்கள் சுண்ணாம்பு மலையில் சிமெண்ட் ஆலை வரக் கூடாது என்று ஜகார்த்தாவில் ஜனாதிபதி மாளிகை எதிரே கால்களைச் சிமெண்டுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017 பிப்ரவரியில் மாகாண ஆளுநர் புது அனுமதி கொடுத்தார். மார்ச்சில் மறுபடியும் சிமெண்டுக்குள் கால் வைத்தவர்களில் ஒரு பெண் இறந்துபோனார். தொலைக்காட்சியில் அந்தப் பெண்களைக் காட்டியபோது எங்கள் சாமான் அறைப் பாட்டியும் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல், யாரையும் திட்டாமல், இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த அந்த விதம் அவருக்கு மிகவும் பரிச்சயமானதாக இருந்திருக்க வேண்டும். "இவங்க நல்லாவே ஜோவோ" என்றார். ருக்குனைக் குலைக்கிறார்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

ஜாவாவின் நிழல்கூத்தில் வரும் செமாருக்கும் இப்படிப் பணியாமல் நிற்கும் உரிமை உண்டு. மகாபாரதம் தெரிந்த நமக்கு அவர் புது ஆள், வியாசரிடம் கிடையாது. தொப்பை வயிறும் முதுமையுமாகப் பாண்டவர்களுக்கு வேலைக்காரர், ஆனால் உண்மையில் தெய்வம். எஜமானர்கள் தடம் புரண்டால் நேரே சொல்வார், தேவர்களையே அதட்டுவார். கிராமத்தார் அர்ஜுனனை ரசிப்பார்கள், செமாரைத் தங்கள் ஆளாக நினைப்பார்கள். வாயை மூடிப் பழகிய ஊர் தனக்காகப் பேச ஒருவரை வைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது எங்கள் எர்த்தேயில் ஓடும் பெரிய விவகாரம் ஜிம்பித்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன டப்பா ஆணியில் தொங்கும். முன்காலத்தில் அதில் ஒரு சிட்டிகை அரிசி போட்டு வைப்பார்கள், இப்போது 500 ரூப்பியா நாணயம். ராத்திரி ரோந்து வரும் ஆண்கள் டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். ஆள் உண்மையாகவே சுற்றினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. சேரும் பணம் தெரு விளக்குக்கும் நோயாளி வீட்டுக்குக் கொடுக்கவும் ஆகும். விலைவாசி ஏறிவிட்டது, ஆயிரமாக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் எர்த்தே தலைவரான பாக் எர்த்தே சொன்னார். கைதூக்கி ஓட்டெடுப்பதெல்லாம் இங்கே கிடையாது. டீ வந்தது, வேர்க்கடலை வந்தது, எல்லோரும் ங்கி என்றார்கள். முடிவு நோட்டில் ஏறியது.

அது நடந்து இரண்டு கூட்டம் ஆகிவிட்டது. டப்பாக்களில் இன்னும் 500தான் விழுகிறது. பாக் எர்த்தே வீட்டு டப்பாவிலும் அப்படித்தான் என்கிறார் ரோந்துக்குப் போகும் என் கணவர். அடுத்த கூட்டம் வரும் க்ளிவோனில், எங்கள் வீட்டில். வேர்க்கடலை வாங்கி வைக்க வேண்டும்.